நிரப்பிக்கோம்மா

"இந்த இடத்துல நீயே நிரப்பிக்கோம்மா," என்று ஒத்திகையில் மாஸ்டர் என் தாளை விரலால் தட்டினார். வாத்தியக் குழு மொத்தமும் நின்றுவிட, வயலின் மட்டும் தனியாக வாசிக்க வேண்டிய இடம் அது. அங்கே அவர் ஒரு சுரம்கூட எழுதியிருக்கவில்லை. பத்திரிகைகளிலோ, சினிமா இசையமைப்பாளரின் முதல் வயலின் கன்செர்ட்டோ, ஒற்றை வயலினும் பெரிய வாத்தியக் குழுவும் சேரும் மேற்கத்திய இசைக்கோவை என்று ஒரே தடபுடல்.

நிரப்பு! அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாட்டுப் பதிவில் என் அண்ணனிடமும் இதையேதான் சொல்வார். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வெறுமனே விட்டுவிடுவார். அண்ணன் நின்ற நிற்பில் தானே ஒரு மெட்டுக் கட்டி வயலினில் வாசிப்பான். ஊரே அதை மாஸ்டர் மெட்டு என்று பாடித் திரியும். ஒரே ஒரு தடவை, "இசைத்தட்டுல என் பேரையும் போடுங்க மாஸ்டர்" என்று கேட்டுத் தொலைத்தான். "வில்லு பிடிக்கிறவனுக்கெல்லாம் பேரா?" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார். அதோடு எந்த ஸ்டுடியோவும் அவனைக் கூப்பிடவில்லை. இப்போதும் பக்கத்து வீட்டில் அந்தப் பாட்டு கேட்டால் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துகிறான். நான் அவன் தங்கை என்பது மாஸ்டருக்குத் தெரியாமலில்லை. மறந்திருப்பார். மறப்பது அவருக்குக் கைவந்த கலை.

"மேடையில பாத்துக்கலாம் மாஸ்டர்," என்றேன்.

"அதான் வேணும்! அப்பதான் உயிரா இருக்கும்."

அண்ணனை அரங்குக்கு இழுத்துவருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

"என்னடி பண்ணப் போற?"

"ஒண்ணும் பண்ண மாட்டேண்ணா. வந்து பாரேன்."

இஸ்திரி போட்ட சட்டையோடு முன்வரிசையில் உட்கார்ந்தான். மாஸ்டரே குச்சி பிடித்துக் குழுவை நடத்தினார். அந்த இடம் வந்தது. குழு நின்றது. நான் வயலினைத் தோளிலிருந்து இறக்கி, வில்லைத் தாழ்த்திக்கொண்டு சும்மா நின்றேன். முதலில் சபை, இதுவும் இசைதான் போலிருக்கிறது என்று மரியாதையாகக் காத்திருந்தது. பிறகு யாரோ இருமினார்கள். நாற்காலிகள் கிரீச்சிட்டன. மாஸ்டரின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. நன்றாக வேர்க்கட்டும்! எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

"ஏதாவது வாசிம்மா," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நீங்க எழுதினதைத்தான் வாசிக்கிறேன் மாஸ்டர்."

"மானத்த வாங்காத... என்ன வேணும் உனக்கு?"

"முன்வரிசையில என் அண்ணன் உக்காந்திருக்கான். அவன் பேரைச் சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்கிற மாதிரி."

மாஸ்டர் திரும்பினார். அண்ணன் எழுந்து நின்றான். கையிலிருந்த குச்சி அந்தரத்தில் அப்படியே இருக்க, மாஸ்டரின் வாய் திறந்தது, மூடியது, மறுபடியும் திறந்தது. பேர் ஞாபகம் இருந்தால்தானே!