டிரம்முக்குள் ஆள்

கம்ப்யூட்டரில் அந்த அறிவிப்பு வந்தபோது டிரம்முக்குள் ஆள் இருந்தான்.

வாரக் கடைசி நாள் அது. கான்கிரீட் கலக்கும் டிரம்மின் உட்சுவரில் வாரம் முழுக்க ஒட்டி இறுகிப்போனதை உளிவைத்துக் கொத்தி எடுக்கிற நாள். கொத்துகிறவன் கைவிளக்கை எடுத்துக்கொண்டு வாய் வழியாக உள்ளே இறங்கிவிட்டால் அப்புறம் சத்தம்தான். ணங் ணங்கென்று அது கேட்கிற வரைக்கும் ஆள் நன்றாக இருக்கிறான் என்று அர்த்தம். மேலே கேபினில், கம்ப்யூட்டரை ஓட்டுவதால் ஆலையில் எல்லோரும் பொட்டிக்காரர் என்று கூப்பிடுகிறவர், மவுஸின் மேல் கையை வைத்து உட்கார்ந்திருப்பார். ஸ்க்ரீனின் மூலையில் ஒரு சிவப்புக் கட்டம் எரியும். அது எரிந்தால் எந்த மோட்டாரும் ஓடாது. ஆள் வெளியே வந்து குரல் கொடுக்கிறவரை அவர் நாற்காலியை விட்டு எழக்கூடாது, ஒன்றுக்கு வந்தாலும் அடக்கிக்கொள்ள வேண்டும். இதை யாரும் எங்கும் எழுதிவைக்கவில்லை. பழக்கம், அவ்வளவுதான்.

மற்ற ஆலைகளில் மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டுப் போட்டுவிட்டுத்தான் ஆளை உள்ளே விடுவார்களாம். இங்கே அதற்கு வழியில்லை. மோட்டாருக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரே மெயின். இறக்கினால் அந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டரும் அணைந்துபோகும். திரும்ப எழுப்ப ஆள் வரவேண்டும், அரைநாள் கெஞ்ச வேண்டும். அதனால் மெயினை ஒருத்தரும் தொடுவதில்லை. டிரம்முக்குள் இறங்குகிறவன் பொட்டிக்காரரின் கையை நம்பி இறங்கினான். இப்போது இறங்கியிருந்தவன் அவருடைய சொந்த மைத்துனன், மனைவிக்குக் கடைசித் தம்பி. வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

அறிவிப்பு ஒன்றும் அவருக்குப் புதிதில்லை. முதலாளி வீட்டில் இருந்தபடியே போனில் லாரிக் கணக்கைப் பார்க்க ஆசைப்பட்டு நெட் வயரை இழுத்துச் சொருகிய நாளிலிருந்து அந்த நீலப் பெட்டி ஸ்க்ரீனில் வந்துகொண்டுதான் இருந்தது. புதியதற்கு மாறத் தயார், இப்போதா, பிறகா என்று கேட்கும். பிறகு என்பதை அமுக்கிவிட்டு வேலையைப் பார்ப்பார். யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் மாற்று என்பார்கள். மாற்றினால் ஸ்க்ரீன் மாறும்.

அவருக்கு அந்த ஸ்க்ரீன் படித்து வந்ததல்ல. மூட்டை சுமந்து முதுகு கோணிய பிறகு, கல்யாணமாகி மனைவியிடம் எழுத்துக் கற்றவர் அவர். ஒரு வரியை ஒரு மூச்சில் வாசிக்க இன்றைக்கும் வராது. ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டு, சேர்த்து, வாய்க்குள் சொல்லிப் பார்த்து, அப்புறம்தான் பொருள் வந்து உட்காரும். ஸ்க்ரீனில் எது எங்கே இருக்கிறது என்று இடத்தைத்தான் மனப்பாடம் செய்திருந்தார். மணல் மேலே, தண்ணீர் அதற்குக் கீழே, ஜல்லி ஓரத்தில். சொந்த வீட்டில் இருட்டிலும் சுவிட்சைத் தடவிப் போடுகிற மாதிரி. அந்தக் கட்டங்கள் இடம் மாறினால் அவர் மறுபடியும் எழுத்துத் தெரியாத ஆள். அந்த நாற்காலியும் அதோடு போய்விடும்.

இன்றைக்கு நீலப் பெட்டியில் 'பிறகு' இல்லை.

இருந்த இடத்தில் அமுக்கினார். ஒன்றும் ஆகவில்லை. பக்கத்தில் அமுக்கினார். பெட்டிக்குள் எண்கள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. மேலே இருந்த வரியை எழுத்தெழுத்தாகப் படித்தார். க, ணி, னி. ம, று. தொ. நாக்கு ஒட்டிக்கொண்டது. திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தார். மறுதொடக்கம். பொருள் வந்து உட்கார்ந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பி டிரம்மைப் பார்த்தார்.

கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தால் அந்தப் பழைய ப்ரோக்ராம் தானாக எழுந்திருக்கும். எழுந்ததும் முதல் வேலையாக எல்லா மோட்டாரும் சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கும். சிவப்புக் கட்டம் அதற்குப் பிறகுதான் வரும். முன்னொரு தடவை மின்சாரம் போய் வந்தபோது அவர் கண்ணால் பார்த்தது இது. மைத்துனனுக்குத் தெரியாது. அப்போது அவன் இங்கே வேலைக்கே சேர்ந்திருக்கவில்லை.

ஒரு சுற்று. உள்ளே இருக்கிற இரும்புக் கத்திகளுக்கு அதுவே அதிகம்.

கேபினிலிருந்து கத்தினார். உளிச் சத்தம் நிற்கவில்லை. ஜன்னலில் பார்த்தால் டிரம்மின் முதுகுதான் தெரியும், வாய் அந்தப் பக்கம். எழுந்திருக்கக் கூடாது என்று உடம்பு நாற்காலியில் ஒட்டிக்கொண்டது. அத்தனை நாள் பழக்கம் அவரைத் தோளைப் பிடித்து அமுக்கியது. எண்கள் இறங்கின. மெயின் சுவிட்ச் கீழே, ஆலையின் மறுகோடியில். அதை நோக்கி ஓடுவதா, டிரம்மை நோக்கி ஓடுவதா என்று ஒரு கணம் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு கால்தான் முடிவு செய்தது. இரும்புப் படியில் பாதியைத் தாவி, மீதியில் வழுக்கி, கீழே கிடந்த கம்பியை எடுத்து டிரம்மின் வயிற்றில் ஓங்கி ஓங்கி அடித்தார்.

உளி நின்றது. உள்ளேயிருந்து குரல் குடத்துக்குள் பேசுகிற மாதிரி வந்தது.

"என்ன மாமா, அக்கா போன் பண்ணி திட்டிட்டாளா? அந்தக் கோவத்த ஏன் என் தலைல காட்ற?"

"வெளிய வா."

"இன்னும் ஒரு பக்கம் இருக்கு."

"வாடா வெளிய."

அவர் அவனை டா போட்டதே இல்லை. வீட்டிலும் மாப்ள, வேலையிலும் மாப்ள. அந்த ஒரு எழுத்தில் அவன் பயந்துபோயிருக்க வேண்டும். சிமெண்ட் அப்பிய தலை வாய்க்கு வெளியே வந்தது, பிறகு தோள். அதற்குமேல் பொறுக்க முடியாமல் அவர் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார். இரண்டு பேரும் மணலில் விழுந்தார்கள்.

"வெளக்கு உள்ள இருக்கு மாமா" என்று அவன் எழுந்து திரும்பினான். அவர் அவன் காலைக் கட்டிக்கொண்டார். பெரிய மனுஷன் இப்படிக் காலைக் கட்டுவதைப் பார்த்து அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏன் மாமா, பொண்ணு கேட்டு வந்த மாதிரி…"

தூரத்தில் மணல் பெல்ட் சடக்கென்று நகர்ந்து நின்றது. தண்ணீர் பம்ப் செருமியது. பிறகு டிரம் அசைந்தது. அவசரமே இல்லாமல், தூக்கத்தில் புரண்டு படுக்கிற மாதிரி, ஒரே ஒரு சுற்று. உள்ளே விளக்கு நொறுங்குகிற சத்தம் சின்னதாகக் கேட்டது.

இருவரும் மணலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அவன்தான் முதலில் பேசினான். "உள்ள இருந்திருந்தா ஜல்லிக் கணக்குல சேத்து லாரில ஏத்தியிருப்ப." சொல்லிவிட்டு அவனே சிரிக்கவில்லை. உதட்டில் ஒட்டியிருந்த சிமெண்டைத் துடைத்தான். "அக்காகிட்ட சொல்லிராத."

மேலே போய்ப் பார்த்தபோது ஸ்க்ரீன் பழையபடியே இருந்தது. மாற முயன்று முடியாமல் கம்ப்யூட்டர் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பியிருந்தது. மீண்டும் முயலும் என்று ஒரு வரி. சிவப்புக் கட்டம் ஒன்றுமே நடக்காத மாதிரி அதன் மூலையில் எரிந்தது.

மறுநாள் விடுமுறை. மைத்துனன் வழக்கம்போல் அவர் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். அக்கா பிள்ளையைத் தோளில் ஏற்றி வீடு முழுக்கச் சுற்றினான். பொட்டிக்காரரால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை; கழுத்தைப் பார்த்தார், முழங்கையைப் பார்த்தார், தட்டுக்குப் பக்கத்தில் ஊன்றியிருந்த மணிக்கட்டைப் பார்த்தார். எல்லாம் எவ்வளவு மெல்லிசு என்று தோன்றியது. சோறு இறங்கவில்லை. "ரெண்டு பேரும் என்னத்தயோ முழுங்கிட்டு உக்காந்திருக்கீங்க" என்றாள் மனைவி. "சொல்றதா இருந்தா சொல்லுங்க, இல்ல சோத்தயாவது முழுங்குங்க."

கம்ப்யூட்டர் பார்க்கிற பெண் அடுத்த நாள் வந்தாள். நடந்ததைக் கேள்விப்பட்டு முதலாளியும் வந்திருந்தார். அவள் ஸ்க்ரீனைக் குனிந்து பார்த்துவிட்டு, "இத்தனை நாளா இத எப்படிண்ணே ஓட்டுனீங்க?" என்று கேட்டாள். அவருக்கு அது பாராட்டா திட்டா என்று தெரியவில்லை.

"நெட் வயரப் புடுங்கிட்டா அந்தப் பொட்டி வராதுல்ல?" என்றார் முதலாளி.

"வராது சார். ஆனா இது வயசான மிஷினு. தானா அணைஞ்சு தானா எழுந்தாலும் இதே கததான்."

"டிரம் மோட்டாருக்கு மட்டும் தனியா ஒரு சுவிட்ச் வெச்சிட்டா?"

"இந்தப் பழைய ப்ரோக்ராம் அத ஒத்துக்காது. மோட்டார் செத்துப்போச்சுன்னு நெனச்சுக்கிட்டு தானும் படுத்துரும். புதுசு போட்டா தனி சுவிட்ச் வெச்சு பூட்டலாம். யாராவது அமுக்குற வரைக்கும் ஒண்ணும் அசையாது. ஆனா மாத்துறப்போ பழசு போயிரும், திரும்ப வராது. புதுசு இந்த மோட்டாருங்களோட ஒத்துப்போகுமான்னு போட்டுப் பாத்தாத்தான் தெரியும்."

முதலாளி நாற்காலியைப் பார்த்தார், அதில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார். "புதுசுன்னா படிச்ச ஆள்தான் ஓட்டணும். அத இப்பவே சொல்லிர்றேன். நீயே யோசிச்சுச் சொல்லு. ஓட்டுறவன் நீ." வயரைப் பிடுங்கி ஜன்னலில் சுற்றி வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

யோசிக்க ஒன்றுமே இல்லை என்றுதான் முதலில் பட்டது. வயர் போய்விட்டது. நீலப் பெட்டி வராது. நாற்காலி இருக்கிறது. எல்லாம் பழையபடி. ஒரு பெரிய மூட்டையை இறக்கிவைத்த மாதிரித் தோள் லேசானது. அந்த லேசுதான் அவரைப் பயமுறுத்தியது. முந்தாநாள் மணலில் கிடந்தபோது இருந்த பயம் வேறு. அது வெளியே இருந்து வந்தது. இது அவருக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு, போதும் விடு, போதும் விடு என்று நயமாகப் பேசியது.

மத்தியானம் குழாயடியில் கை கழுவும்போது மைத்துனன் சொன்னான்: "வயரப் புடுங்கியாச்சாமே. அப்ப வாரக் கடைசில எறங்கிரலாம். பாதி அப்படியே கெடக்கு."

"பயமா இல்லயா மாப்ள?"

"நீ மேல உக்காந்திருக்கல்ல மாமா. அப்புறம் எனக்கென்ன."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. உட்கார்ந்திருந்ததால் இவன் பிழைக்கவில்லையே என்று அவர் நினைத்தார். எழுந்து ஓடியதால்தானே இவன் இங்கே நின்று கை கழுவுகிறான். அந்த நாற்காலியில் அவர் கையை வைத்து உட்கார்ந்திருந்த இத்தனை வருடமும், டிரம்முக்கும் ஆளுக்கும் நடுவில் இருந்தது வெறும் நல்ல நேரம். அதைத்தான் இவன் மாமா என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

"அந்த அறிவிப்பு ரொம்ப நாளா வந்துச்சு" என்றார். "நான்தான் தள்ளித் தள்ளி விட்டேன். ஸ்க்ரீன் மாறிடும்னு."

அவன் குழாயை மூடினான். துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். "சரி" என்றான் கடைசியில். அந்தச் சரிக்கு என்ன அர்த்தம் என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

மாலையில் முதலாளியிடம் போய் நின்றார். "மாத்திரலாங்க."

"அப்புறம் அந்த சீட்டு உனக்குன்னு நான் சொல்ல முடியாது."

"தெரியுங்க."

"தெரிஞ்சுமா?"

முதலாளி கோழைத்தனம் என்று எடுத்துக்கொண்டாலும் சரி என்று அவர் தலையைக் குனிந்து நின்றார். முதலாளி பெருமூச்சு விட்டுவிட்டுப் போனை எடுத்தார்.

மாற்றுகிற நாளில் ஆலையை நிறுத்தினார்கள். கம்ப்யூட்டர் பெண் காலையிலிருந்து கேபினிலேயே இருந்தாள். ஸ்க்ரீன் கறுத்தது, வெளுத்தது, மறுபடி கறுத்தது. ஒவ்வொரு தடவை கறுக்கும்போதும் பொட்டிக்காரர் ஜன்னலுக்குப் போய் டிரம்மின் முதுகைப் பார்த்துவிட்டு வந்தார். "உக்காருங்கண்ணே, எனக்கே படபடப்பா வருது" என்றாள் அவள். உச்சி வெயில் சாய்ந்த பிறகு புது ஸ்க்ரீன் வந்தது. சிவப்புக் கட்டம் இருந்த மூலையில் ஒன்றுமே இல்லை. மணல் எங்கே, தண்ணீர் எங்கே, ஒன்றும் புரியவில்லை. எல்லாம் எழுத்து. எறும்பு வரிசை மாதிரி எழுத்து.

"டிரம்ம ஒரு தடவ ஓட்டிப் பாக்கணும். நீங்களே அமுக்குங்க" என்று எழுந்து நாற்காலியைக் காட்டினாள்.

அவர் உட்கார்ந்தார். உள்ளங்கை வேர்வையில் மவுஸ் வழுக்கியது. ஸ்க்ரீனுக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோய், மேல் வரியிலிருந்து ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டு, வாய்க்குள் சொல்லி, தேடினார். அவள் இடத்தைச் சொல்ல வாயெடுத்தாள். அவர் கையைக் காட்டித் தடுத்தார். கடைசியில் கிடைத்தது. டி. ர. திரும்பவும் படித்தார். அதுதான். இன்னொரு தடவை படித்தார்.

அமுக்கவில்லை. எழுந்து ஜன்னலைத் திறந்து கீழே பார்த்துக் கத்தினார்.

"மாப்ள! எங்க இருக்க?"

பதில் இல்லை. காற்றில் சிமெண்ட் தூசி புகையாகக் கிளம்பி முற்றத்தை மறைத்திருந்தது.

"மாப்ள!"

"இங்கதான் மாமா."

"எனக்குத் தெரியல. தெரியற மாதிரி நில்லு."

தூசிக்குள் ஓர் உருவம் அசைந்தது. டிரம்முக்கு வெகுதூரத்தில், வெட்டவெளிக்கு நடுவில் வந்து, அவன் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, விரல்களை அகல விரித்துக் காட்டிக்கொண்டு நின்றான். தூசி அடங்கட்டும் என்று இவர் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி காத்திருந்தார். அவனும் கையை இறக்கவில்லை.