முந்திக் கொடுத்த சேவல்

கிளாக்கர் வீரபாகு லஞ்சம் வாங்கமாட்டார். வவுனியா நெளுக்குளம் அகதி முகாமில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். நானும் சொல்வேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு என் மகள் சுரேகாவுக்கு ஏழு வயது. நெஞ்சில் ஓட்டை. செவ்வாய்க்கிழமை கொழும்பு ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டும். தவறினால் அடுத்த முறை எட்டு மாதம் கழித்துத்தான்; அதுவரை பிள்ளை தாங்காது என்று டொக்டர் சொல்லிவிட்டார். போர்க்காலம்; முகாமில் இருக்கிறவர்கள் வவுனியாவை விட்டுப் போகப் பாஸ் வேண்டும். அதை எழுதுகிறவர் வீரபாகு.

தேயிலைத் தோட்டத்தில் என் அப்பா கற்றுத்தந்தது ஒன்றுதான்: ஐயாமார் முன்னால் வெறுங்கையோடு போய் நிற்காதே. இனக்கலவரத்தில் அடிபட்டு வடக்கே வட்டக்கச்சிக்கு வந்து, அங்கிருந்தும் இடம்பெயர்ந்து முகாமுக்கு வந்தும் அந்தப் புத்தி என்னை விடவில்லை. வெள்ளிக்கிழமை காலை, வளர்த்த சேவலின் காலைக் கட்டி, பாஸ் எழுதும் கந்தோருக்குக் கொண்டுபோனேன். நாற்பது பேர் வரிசையில் பார்த்திருக்க, விண்ணப்பத்தோடு சேவலையும் மேசையில் வைத்தேன்.

வீரபாகு கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"என்னை லஞ்சம் வாங்கிறவன் எண்டு நினைச்சீரோ? இதைக் கொண்டு வெளியில போம்."

விண்ணப்பத்தை மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார்.

வாசலில், முகாமில் எங்களுக்குப் பக்கத்துக் கொட்டில்காரர் ஐயாத்துரை தலையில் அடித்துக்கொண்டார். அவர் பாஸ் கைக்கு வந்த பிறகுதான் இரண்டு கோழியைக் கிளாக்கர் வீட்டில் கொடுத்தாராம். வேலைக்கு முதல் கொடுத்தால் லஞ்சமாம். முடிந்த பிறகு கொடுத்தால் சந்தோசமாம், அதற்குச் சட்டத்தில் இடமிருக்கிறதாம். கிளாக்கரே சொன்னாராம். என்ன மண்ணாங்கட்டிச் சட்டம்? கோழி கோழிதானே.

சனி, ஞாயிறு கந்தோர் பூட்டு. திங்கட்கிழமை வீரபாகுவின் காலில் விழுந்தேன். விசாரிக்கவேண்டும் என்றார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அத்தனை பேர் முன்னால் அழுதேன். என் மனைவி அழகம்மா பிள்ளைக்குப் புதுச்சட்டை போட்டு, தலை இழுத்துச் சீவி, கந்தோர் பூட்டும்வரை வாசலில் வைத்திருந்தாள். பிள்ளையின் உதடு நீலம் பாரித்திருந்தது. செவ்வாய்க்கிழமையும் அப்படியே போயிற்று.

வியாழக்கிழமை வீரபாகு கூப்பிட்டுப் பாஸைத் தந்தார். ஏழு நாளைக்குத்தான் செல்லும்.

"வேலைக்கு முதல் ஒருத்தரிட்டையும் நான் கை நீட்டினதில்லை" என்றார். சொல்லிவிட்டு என் கையைப் பார்த்தார்.

அந்த மேசையைப் புரட்டிப்போட வேண்டும்போல் இருந்தது. ஆனால் எட்டு மாதம் கழித்துப் பிள்ளை உயிரோடு இருந்தால், அப்போதும் பாஸ் எழுதப்போகிறவர் இவர்தான்.

பின்னேரம் அதே சேவலைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். சிரித்தபடி நீட்டினேன்.

"சந்தோசமாத் தர்றோங்க ஐயா."

வாங்கிக்கொண்டார். பிள்ளைக்கு இப்போது எப்படி என்றும் கேட்டார்.