தலைப்பிரசவத்துக்கு வந்தவர்கள்

எங்கள் ஸ்ரீபெரும்புதூர் உடையவர் அவதரித்த ஊர். அவர் ஆதிசேஷனின் அவதாரம் என்பது இங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அந்த ஆதிசேஷனைக் காலையும் மாலையும் கோவிலில் நின்று வாய் மணக்கப் பாடுகிறவன் நான், தோத்தாத்ரி. ஆனால் பாடுகிறது வேறு, பாம்பு வேறு. பாம்பென்றால் படையும் நடுங்கும் என்கிறார்கள். படைக்கே அந்தக் கதி என்றால் ஒண்டி ஆள் நான் என்ன செய்வேன்?

பின்கட்டுக்குக் குடி வந்தபோது பாபு சொன்னது இதுதான்: "சாமான் கம்மி சாமி. ஒரே ஒரு பொட்டி." வடக்குப்பட்டுப் பையன். மறைமலை நகரில் கம்பெனி வேலை, கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போய் வருகிறவன், பீடி சிகரெட் கிடையாது. சாவியைக் கொடுத்துவிட்டேன். பெட்டிக்குள் என்ன என்று கேட்கத் தோன்றவில்லை. கெட்டவனிடம் நான் உஷார். நல்லவனிடம்தான் எப்போதும் ஏமாறுகிறேன்.

கொஞ்ச நாளில் என் அகமுடையாள் பத்மாசினி ஒரு அதிசயத்தைக் கண்டுபிடித்தாள். "ஏன்னா, ஆத்துல ஒரு எலி இல்லையே, கவனிச்சேளா?" நான் பெருமாள் கிருபை என்றேன். கிருபை பின்கட்டில், முன்பக்கம் கம்பி வலை அடித்த மரப்பெட்டிக்குள் சுருண்டு கிடந்தது. பாபுவே பல்லெல்லாம் தெரிய மூடியைத் திறந்து காட்டினான். என் தொடை கனம், பழுப்பு உடம்பில் சேணம் சேணமாகக் கறுப்புப் பட்டை.

"போவா சாமி. அமெரிக்கா பாம்பு. கப்பல்காரன் ஒர்த்தன் கொணாந்தது, பல்லாவரம் சந்தைல வாங்கினேன். வெஷம் கெடியாது. பேரு ராணி."

இதை நான் துளசி மாடத்தைக் கட்டிப்பிடித்தபடி தூரத்திலிருந்து கேட்டுக்கொண்டேன். "நாளைக்கே காலி பண்ணுடா!" என்று கத்தினேன்.

"பாம்பு கீதுன்னா எவன் சாமி வூடு குடுப்பான்? அதுவுமில்லாம, ராணி இப்போ மாசமா கீது, முட்டை போடப் போவுது."

"ஒரே பெட்டின்னுதானேடா சொன்னே?"

"ஆமா சாமி. மாப்ள எங்க ஊர்ல, என் தோஸ்து செந்தமிழன் வூட்ல கீறாரு. கொஞ்ச நாளு இங்க வந்து இருந்துட்டுப் பூட்டாரு."

என் வீட்டில், எனக்குத் தெரியாமல், ஒரு சாந்தி முகூர்த்தம் நடந்து முடிந்திருக்கிறது. அதைவிட மோசம், 'மாசமா' என்ற வார்த்தையைக் கேட்டதும் பத்மாசினியின் முகம் மாறிவிட்டது. எங்கள் ஒரே பெண் ப்ரீதியும் பெங்களூரில் புக்ககத்தில் அப்போது முழுகாமல்தான் இருந்தாள்.

"வயித்துல இருக்கறவளை வாசல்ல தள்ளப் போறேளா? நம்ம பொண்ணு அங்க அப்படி இருக்கறச்சே? குடும்பத்துல கர்ப்பிணி இருந்தா பாம்பை அடிக்கவோ விரட்டவோ படாதுன்னு தெரியாதா உங்களுக்கு?"

தெரியும். சாஸ்திரம் எப்போதும் அவள் கட்சிதான். முட்டை போட்டு, குஞ்சு பொரித்ததும் காலி செய்துவிட வேண்டும் என்று பாபுவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். பத்மாசினி ஒரு கூடையில் ஆற்று மணலும் வைக்கோலும் போட்டு ராணியின் பெட்டிக்குள் வைத்துவிட்டு வந்தாள். ராணியின் வயிறு பருத்துக்கொண்டே போனது. முட்டையைத்தான் காணோம்.

மாசி மாதம் ப்ரீதிக்கு எங்கள் வீட்டில் வளைகாப்பு. வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்கு அவள் இங்கேயே தங்க வேண்டும், அதுதான் வழக்கம். சம்பந்தி மாமிக்கு அதில் இஷ்டமில்லை. ஊரை, வீட்டைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், சரியில்லாவிட்டால் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று போனிலேயே சொல்லிவிட்டாள். "நான் மாமியார் ஆத்துலதான் உங்க மாப்பிள்ளை ரங்கநாத்தைப் பெத்துண்டேன். செத்தா போயிட்டேன்?" என்று கேட்டாள். பத்மாசினி இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதாள். பெண்ணைக் கட்டிக்கொடுத்த பிறகு அவள் நம்மோடு இருக்கப்போவது இந்தச் சில மாதம்தான்.

வளைகாப்பு அன்று விடியற்காலை சமையலுக்கு வந்த நரசிம்மன் பின்கட்டில் கோட்டை அடுப்பு போடப் போனவன், போன வேகத்தில் திரும்பி வந்தான். "அது இருக்கணும், இல்லே நான் இருக்கணும்" என்றான். நூறு பேருக்குச் சாப்பாடு. வேறு வழி? பாபுவும் நானும் பெட்டியைத் தூக்கிக் கூடத்தை ஒட்டி மளிகைச் சாமான் வைக்கிற உக்கிராண அறையில் வைத்தோம். அதாவது, பாபு தூக்கினான்; நான் கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தேன். "சூப்பர்வைசர் லீவு குடுக்கல சாமி, ஷிப்டு முடிஞ்சி ஓடியாந்துடறேன்" என்று அவன் பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.

யாரும் தொடாமல் இருக்க எனக்கு ஒரு யோசனை தோன்றியது. பெட்டியின் மேல் என் மடி வேஷ்டியைப் போர்த்தினேன். வருகிறவர்கள் எல்லாம் ஆசாரக்காரர்கள். மடித்துணியை எவர் தொடுவார்? பூட்டைவிடப் பத்திரம். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

சம்பந்திகள் ப்ரீதியோடு வேனில் வந்து இறங்கினார்கள். சம்பந்தி மாமா டிரான்சிஸ்டரைக் காதோடு ஒட்டிக்கொண்டு வளைகுடாச் சண்டையில் இருந்தார், அவரால் உபத்திரவமில்லை. மாமிதான் கிணற்றடியிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து, உக்கிராண அறை வாசலில் நின்றாள்.

"மாமா, அதென்ன பெட்டி? மடியா மூடி வெச்சிருக்கேளே?"

வாயில் வந்ததைச் சொன்னேன். "கோவில்ல வாகனமெல்லாம் ரிப்பேர். சின்ன சேஷ வாகனம் ஒண்ணு. நம்மாத்துல வெச்சிருக்கோம்."

இந்த ஊரில், என் குலத்தில் பிறந்தவன் மட்டுமே சொல்லக்கூடிய முட்டாள்தனம் அது. வேறு யாரிடமாவது சொல்லியிருந்தால் "அப்படியா" என்று போயிருப்பார்கள். மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"சேஷனா! உடையவர் அவதார ஸ்தலத்துல, ஆத்துக்குள்ளயே சேஷனா! வளையல் அடுக்கினதும் சேவிச்சுட்டுத்தான் மறு காரியம். பத்மாசினி மாமி, கொஞ்சம் பால் காய்ச்சி வைங்கோ."

பத்மாசினி என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை.

கூடத்தில் ப்ரீதிக்கு வளையல் அடுக்கினார்கள். பெண்கள் பாடினார்கள். என் பெண்ணின் முகத்தில் அன்று இருந்த களையைக்கூட நிம்மதியாகப் பார்க்க விடாமல் அந்தப் பெட்டி என்னைப் படுத்தியது. பாட்டு முடிந்தது. மாமி பால் கிண்ணத்தோடு உக்கிராண அறைக்குள் போனாள். "மாமி, ராகு காலம்!" என்றேன். "பெருமாளுக்கு ஏது மாமா ராகு காலம்?" என்று மண்டியிட்டு, நெற்றி தரையில் படச் சேவித்தாள்.

தலையைத் தூக்கியபோது அவள் மூக்குக்கு நேராக, வேஷ்டிக்குக் கீழே பெட்டியின் கம்பி வலைக் கண்ணிலிருந்து விரல் பருமனில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. பக்கத்தில் இன்னொன்று. அந்த வலை ராணியின் அளவுக்கு அடித்தது. இந்த அளவை எவன் கண்டான்?

மாமி போட்ட அலறலில் மாமா டிரான்சிஸ்டரோடு ஓடிவந்தார். "ஸ்கட் குண்டு விழுந்துடுத்தா?" என்றார். நரசிம்மன் கரண்டியோடு தெருவுக்கு ஓடினான். முழ நீளக் குட்டிகள் மாக்கோலத்தில் நெளிந்துகொண்டிருந்தன. என் மடி வேஷ்டியிலிருந்து ஒன்று தொங்கியது.

"முட்டைன்னு சொன்னானே பாவி! குட்டியா இல்லே போட்டிருக்கா!" என்று பத்மாசினி தலையில் அடித்துக்கொண்டாள்.

எல்லாம் போயிற்று, ப்ரீதி பெங்களூருக்குத்தான் என்று நான் சுவரில் சாய்ந்துவிட்டேன். ஆனால் மாமி ஓடவில்லை. வேஷ்டியை விலக்கி, வலை வழியாக உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தாள். ராணி வைக்கோல்மேல் துவண்டு கிடந்தது. அதன் பக்கத்தில் இன்னும் சில குட்டிகள் மெல்லிய சவ்வைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தன.

"எத்தனை நாழியா இவ இந்த இருட்டுல கிடந்தாளோ" என்றாள். குரல் மாறியிருந்தது. "நாம வெளியில பாடிண்டிருந்தோம்."

மாமி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கும் இப்படித்தான் மாமி. கூடத்துல விருந்தாளிகள். நான் உக்கிராண உள்ளில பல்லைக் கடிச்சுண்டு கிடந்தேன். சத்தம் போடப்படாதுன்னுட்டா மாமியார். அம்மா கையைப் பிடிச்சுக்கணும் போல இருந்துது. அம்மா ஊர்ல இருந்தா." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "செத்தா போயிட்டேன்னு கேட்டுண்டே இருக்கேன். அன்னிக்கு முக்கால்வாசி செத்துதான் போனேன்."

பத்மாசினி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அதுவரை அந்த அம்மாளை நான் ஜப்தி செய்ய வந்த அமீனா போலவே பார்த்திருந்தேன்.

ஆனாலும் சம்பந்தி சம்பந்திதான். மூக்கை உறிஞ்சிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "மாமா, சேஷ வாகனம்னேளே. கைங்கர்யம் உங்களுதுதானே? எல்லாத்தையும் எடுத்து உள்ள விடுங்கோ."

எடுத்தேன். பால் இறக்கும் இடுக்கியால், உடையவரைக் கூப்பிட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்துப் பெரிய அண்டாவில் போட்டு மூடினேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று ப்ரீதி வளையல் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

சாயங்காலம் வேன் கிளம்பும் நேரத்துக்குப் பாபு ஓடிவந்தான். "இன்னா சாமி, முட்டை போட்டுச்சா?" நான் அண்டாவைக் காட்டினேன். எட்டிப் பார்த்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். பிறகு எழுந்து, "சொன்ன வாக்கு சாமி. ஞாயித்துக்கெழம காலி பண்ணிடறேன்" என்றான்.

வேனில் ஏற்றியிருந்த ப்ரீதியின் பெட்டியைத் தன் கையாலேயே இறக்கி வைத்துக்கொண்டிருந்த மாமி சட்டென்று திரும்பினாள். "பச்சை உடம்புக்காரியை நாப்பது நாள் ஆகாம எங்கேடா தூக்கிண்டு போவே?"

பாபு என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"மாமா, ரெண்டு பேரையும் பாத்துக்கோங்கோ" என்று சொல்லிவிட்டு மாமி வேனில் ஏறினாள்.

சரி என்றேன். பின்கட்டுக்குப் போய் ராணிக்கு வெந்நீர் போட்டேன்.