பத்தாவது வரி

...உள்ள வந்துட்டேன்டா, கடைசி இடம்தான், ஆனா உள்ள வந்துட்டேன், என்று அண்ணன் குதித்ததும், கறுப்புத் திரையின் அதிகப் புள்ளிப் பட்டியலில் பத்தாவது வரியில் தன் பெயரின் மூன்றெழுத்தை ஒவ்வொன்றாகத் தேடிப் பதித்ததும், இரு, டீ வாங்கிட்டு வரேன் என்று படியிறங்கியதும்... அவ்வளவுதான், தெருமுனையில் விழுந்தவர் எழவே இல்லை. இத்தனை வருஷம் இந்த வீடியோ விளையாட்டுக் கடையை நடத்தியும் அதுவரை பட்டியலில் தலைகாட்டாத மனிதர், “முதலாளிக்கே இடம் கொடுக்காத மெஷினுங்க இது” என்று ஆட வருகிறவர்கள் வாருவார்கள், அவரும் சேர்ந்து சிரிப்பார். மெஷினை அணைத்தால் பட்டியல் அழிந்துவிடும், அதனால் காரியங்கள் முடியும்வரை கடையைப் பூட்டிவைத்தாலும் தம்பி அதை மட்டும் அணைக்கவில்லை. அண்ணி கேட்டது அது ஒன்றுதானே, கடையை வித்துடலாம்ப்பா, அதுக்கு முன்னாடி அவர் பேரை ஒருதடவை பார்த்துக்கறேன்...

இன்று மாலை வருகிறாள். பெருக்கித் துடைக்க என்றுதான் முன்னாலேயே வந்தான், பிறகு கை எப்படிப் பொத்தானுக்குப் போனது? அண்ணன் நின்ற இடத்தில் சும்மா நிற்கலாம் என்று நினைத்தான், அது பொய்யா? வெள்ளைக் கோடுகளால் ஆன முக்கோணக் கப்பல், மிதந்துவரும் பாறைகள், சுட்டால் இரண்டாகி மறுபடி இரண்டாகி... ஒரு சின்னக் கல்லை மட்டும் உடைக்காமல் விட்டுவைத்தால் சுற்று முடியாது, ஓரமாகப் பதுங்கி, வருகிற பறக்கும் தட்டுகளையெல்லாம் சுட்டுத்தள்ளலாம், கொள்ளைப் புள்ளி. இதெல்லாம் வீரமாடா, திருட்டுப்பயலே, என்பார் அண்ணன். விரல்கள் பறந்தன, ஒவ்வொரு தட்டு சிதறும்போதும் நெஞ்சு துள்ளியது, துக்கம் எங்கே போனது, சந்தோஷமாக இருந்தானே, சாவு வீட்டுக்காரன், சீ... கடைசிக் கப்பலும் உடைந்து பட்டியல் வந்தபோது அவன் முதலிடம். மற்ற வரிகள் ஆளுக்கு ஒரு படி இறங்கியிருந்தன, பத்தாவதாக இருந்த அண்ணனுக்கு இறங்க இடமில்லை, பெயர் போய்விட்டது. கடையிலேயே கிடப்பவனுக்கு இது தெரியாதா, தெரியும், ஆடும்போது மட்டும் எப்படித் தெரியாமல் போனது? மேல் வரி பெயர் கேட்டு மினுமினுத்தது. பின்னால் தெருவில் செருப்புச் சத்தம். அவசரமாக அண்ணனின் மூன்றெழுத்தைப் பதித்தான்.

“எங்கப்பா இருக்கு?” என்றாள் அண்ணி. மேலதான் அண்ணி, முதல்ல, என்றான். அவள் கண்ணாடியருகே குனிந்தாள், விரலால் தொட்டாள், விரல் அங்கேயே நின்றது. “முதல்லயா? அன்னிக்கு டீக்கு நடந்துக்கிட்டே போன் பண்ணி, கடைசி இடம் பிடிச்சுட்டேன், புள்ளைங்ககிட்ட சொல்லுன்னாரே...” திட்டுவாள் என்று காத்திருந்தான், திட்டினால் தேவலை. அவள் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், பிறகு மெதுவாக, “அவரு எத்தனை எடுத்திருந்தாருப்பா?” என்றாள். நினைவைத் துழாவினான்... தோள் தெரிந்தது, சிரிப்பு கேட்டது, எண் வரவில்லை, பக்கத்திலேயேதானே நின்றான், அன்று தான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தான்? தான் இன்று எடுத்தது மட்டும் கடைசி இலக்கம்வரை நாக்கு நுனியில் நின்றது. அண்ணி கடையைவிட்டு இறங்கினாள். திரையில் முதல் வரி அப்படியே இருந்தது, பெயர் அண்ணனுடையது, எண் அவனுடையது.