செண்பகாதேவி குங்குமம்

எண்பத்திரண்டாம் ஆண்டில் எங்கள் மன்றத்தார் ஓட்டப் பந்தயம் வைத்தார்கள். தென்காசிக் கோயில் வாசலிலிருந்து குற்றாலம் போய், மலையேறி, செண்பகாதேவி அம்மனைத் தொட்டுத் திரும்ப வேண்டும். மேலே போனதற்குச் சாட்சி, அங்கே பூசாரி நெற்றியில் வைக்கும் குங்குமம். சாரல் மாதத்தில் இப்படியொரு விதியை யோசித்தவனை அருவியில்தான் தள்ள வேண்டும்.

பாறைகளில் வழுக்கி, முட்டி பெயர்ந்து, வாசலில் வந்து விழுந்தேன். நடுவர் குற்றாலநாதன் குனிந்து என் நெற்றியைப் பார்த்தார்.

“ஏலே நம்பி, குங்குமத்தைக் காணலையே. பாதியிலேயே திரும்பிட்டியா?”

தடவிப் பார்த்தேன். விரலில் மழைத்தண்ணீர்தான் வந்தது. அவரை அடிக்கலாம் போலிருந்தது, கை எழவில்லை.

என் மனைவி ஆவுடைத்தாய் சோடாவோடு வந்தாள். “அம்மன் கோயிலுக்குப் போயிட்டு எனக்குக் குங்குமம் வாங்காமலா வந்திய?”

அப்போதுதான் நினைவு வந்தது. வழக்கம்போல் அவளுக்கென்று கேட்டு வாங்கி இடுப்பில் செருகியிருந்த பொட்டலத்தை எடுத்தேன். மலைமேல் மட்டுமே கிடைக்கும் காட்டுவாழை இலை. உள்ளே குங்குமம் நனையாமல் இருந்தது.

குற்றாலநாதன் கை நீட்டினார்.

“இருங்க அண்ணாச்சி.” அவள் முதலில் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். பிறகு என் நெற்றியைத் துடைத்து, அழுத்தி வைத்தாள்.

“இப்பம் பாத்துக்கிடுங்க.”