உளறலுக்குச் சொன்ன பதில்

என் மாமனார் கிஹெய் விழித்திருக்கும்போது உண்மை பேச மாட்டார். பசித்தால் பசியில்லை என்பார். முதுகு வலித்தால், கூரைப் பனி தள்ளுவது உடம்புக்கு நல்லது என்பார். மதியம் சாப்பிட்டதும் அடியில் கணப்பு எரியும் தாழ்ந்த மேசையின் போர்வைக்குள் காலை நீட்டித் தூங்கிப்போவார். அப்புறம்தான் அந்த வாயிலிருந்து உண்மை வரும். எழுந்தபின் எதுவும் நினைவிருக்காது.

என் கணவர் இசாமு இறந்து இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. செண்டாயில் எனக்கு ஒரு வரன் இருப்பதாக அண்ணன் ஷோஜி போனில் சொன்னதும் மாமா முந்திக்கொண்டார்.

"கெளம்பு தொமோயோ. எத்தனை நாளைக்கு இந்தக் கெழவனோட மல்லுக்கட்டுவ?"

"என்னைத் தள்ளிவிட அவ்வளவு அவசரமா?"

"ஆமா. நீ வைக்கிற மிசோ சூப்புல எப்பவும் உப்பு கூட. இனிமே நானே வெச்சுக்குவேன்."

ஒரு வார்த்தை இரு என்று சொல்லியிருந்தால் சந்தோஷமாக இருந்திருப்பேன். போ என்கிற வீட்டில் ஒட்டிக்கொண்டு கிடக்க ரோஷம் இடம் கொடுக்கவில்லை. பெட்டியைக் கட்டினேன்.

அண்ணன் வண்டியோடு வருகிற அன்றும் மாமா மதியம் தூங்கினார். நான் எதிரே உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன்.

"தொமோயோ," என்றார், கண் மூடியபடியே. "போயிடாதம்மா. நீயும் போயிட்டா நான் யார்கிட்ட சண்டை போடுவேன்?"

தூக்கத்தில் பேசுகிறவருக்குப் பதில் சொன்னால் உயிர் உடம்புக்குத் திரும்பாது என்று எங்கள் அகிதாப் பக்கம் குழந்தைகூடச் சொல்லும். இசாமு ஆஸ்பத்திரியில் தூக்கத்தில் என்னைக் கூப்பிட்டபோது அதை நம்பித்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவர் என்ன, திரும்பியா வந்தார்?

"போகலை மாமா," என்றேன். "இங்கதான் இருப்பேன்."

பேச்சு நின்றது. குறட்டையும் நின்றது. பதறி மூக்கருகே விரலை வைத்தேன். கண்ணைத் திறந்து முறைத்தார்.

"செத்துட்டேனான்னு பாக்கிறியா? ஷோஜி வந்துட்டானா?"

"வருவான். வெறும் வண்டியோட திரும்பிப் போவான். போகாதேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நானா? எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லை. தூக்கத்துல ஒளர்றதையெல்லாம் பெருசா எடுத்துக்குவியா?"

"நீங்க தூங்கினீங்க, சரி. பதில் சொன்ன நான் முழிச்சிட்டுத்தானே இருந்தேன்?"

கிழவர் நான் உரித்து வைத்திருந்த ஆரஞ்சுச் சுளை ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"அப்ப இரும்மா," என்றார் கடைசியில், கண்ணை நன்றாகத் திறந்து என்னைப் பார்த்தபடி.