சீட்டில் போட ஒரு புத்தகம்

என் வீட்டுக்காரர் நியாஸுக்கு அமெரிக்காவிலிருந்து அவருடைய அண்ணன் புத்தகம் படிக்கிற மெஷின் ஒன்று அனுப்பினார். சிலேட்டு மாதிரி இருந்தது. 2009-ல் திருவள்ளூரில் அப்படி ஒன்றை நாங்கள் யாரிடமும் பார்த்ததில்லை என்பதால், கொஞ்ச நாள் அவர் கால் தரையில் படவில்லை.

"நௌஷீன், இதுல எரநூறு புக்கு கீது. வெயிட்டே இல்ல பாரு."

"தமிழ் வருமா?"

"கட்டம் கட்டமா வருது. இங்கிலீஷ் சூப்பரா வருது."

"சரி. சீட்டு மேல போட எதனா கீதா அதுல?"

மெஷினைச் சட்டை நுனியால் துடைத்து உறைக்குள் வைத்தார்.

விஷயம் இதுதான். நாங்கள் இரண்டு பேரும் சென்னையில் வேலை பார்க்கிறோம். காலையில் காலி ரயில் திருவள்ளூருக்குள் நுழையும்போதே, வெளியிலிருந்து ஜன்னல் கம்பிக்குள் எதையாவது வீசி இடம் பிடிக்க வேண்டும். கர்ச்சீப் போட்டால் தட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். புத்தகத்தைத் தட்ட மாட்டார்கள். கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஜனம். அதனால் அவருடைய தடித்த நாவல்தான் தினமும் எனக்கு இடம் பிடித்தது. எனக்கு அப்போது ஏழாம் மாசம். இடம் கிடைக்காவிட்டால் சென்ட்ரல் வரை நின்றுகொண்டே போக வேண்டும். லேடீஸ் பெட்டியில் தள்ளுமுள்ளு இன்னும் மோசம்.

அந்தத் திங்கட்கிழமை மனிதர் நாவலை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறார். கனமாம். ரயில் நுழைந்தது. பழக்கத்தில் கை உயர்ந்தது. கையில் மெஷின். கை அப்படியே நின்றுவிட்டது.

மெஷினைப் பார்த்தார். என் வயிற்றைப் பார்த்தார். மறுபடி மெஷினைப் பார்த்தார்.

அந்த மறுபடிதான் எனக்கு வயிற்றெரிச்சல். இன்றைக்கும் ஆறவில்லை.

"இன்னாங்க, ரெண்டு பேருக்கும் ஓட்டு எண்ணினு கீறீங்களா?"

வீசினார். ஜன்னலோரச் சீட்டில் 'டப்' என்று விழுந்தது. அங்கே உட்கார வந்த ராஜமாணிக்கம், தினமும் எங்கள் பெட்டியில் வருகிறவர், அதைத் தொடவே பயந்து எதிர்ச் சீட்டுக்குப் போய்விட்டார். நான் உட்கார்ந்தேன். திரையின் மேல்பாதி கோடு கோடாகக் கிடந்தது. கீழ்ப்பாதியில் எழுத்துகள் உறைந்து நின்றன; எந்தப் பட்டனை அமுக்கினாலும் அசையவில்லை. சென்ட்ரல் வரை நின்றபடி அந்த அரைப் பக்கத்தையே படித்துக்கொண்டு வந்தார்.

"கதை எப்டி?" என்று கேட்டேன்.

"நல்லா போவுது."

மறுநாளிலிருந்து நாவல் அவர் கையிலேயே இருக்கிறது. இடம் பிடிப்பது மெஷின்தான். கம்பிக்குள் சுலபமாக நுழைகிறது. விலை உயர்ந்த சாமான், உடைந்தால் நம் தலையில் விழும் என்று எவரும் கிட்டே வருவதில்லை. யாராவது தூக்கிக்கொண்டு போனாலும் கவலையில்லை, செத்த மெஷின். புத்தகம் நல்லதா, மெஷின் நல்லதா என்று ஆபீஸில் கேட்கிறார்கள். இரண்டும் வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

வீசும்போது அவர் இப்போது அதைப் பார்ப்பதில்லை. என்னைப் பார்த்துக்கொண்டேதான் வீசுகிறார். ஒரு நாளும் குறி தப்பியதில்லை.